தாடி வைத்த மாவுப்பூச்சி

தெருவில் அவனுக்குத் தள்ளுபடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கூப்பிட ஆளில்லாமல் அது எங்கோ துருப்பிடித்துக் கிடந்தது. திரைச்சீலைக் கடையில் விற்பனையாளனாக இருந்த காலத்தில், வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே "உங்களுக்காகக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று சொல்லிவிடுகிற நாக்கு அவனுக்கு. எதிரே நிற்பவர் முகம் லேசாகச் சுருங்கினால் போதும், அவனுக்கு மனசு தாங்காது. துணி மட்டம் என்று ஒருவர் சொன்னால் "ஆமாங்க, மட்டம்தான்" என்பான். அடுத்தவர் வந்து அதே துணியைத் தடவிப் பார்த்து உசத்தி என்றால் "இதுக்கு மேல துணி ஏதுங்க" என்பான். ஒருநாள் முதலாளி இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுத் தொலைத்தார். அதோடு அந்த வேலை போயிற்று. அதற்கு முன்னால் செருப்புக்கடை, அதற்கும் முன்னால் கைபேசிக் கடை. எல்லாவற்றிலிருந்தும் இதே வாயால்தான் வெளியே வந்திருந்தான்.

நாற்பதைத் தாண்டிய வயதில், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றான். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வீட்டைவிடச் சாலையில்தான் அதிகம் குடியிருந்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார், "உங்க அண்ணிகிட்ட கேட்டுக்க" என்றார், வண்டியேறிப் போய்விட்டார்.

அந்த வீட்டில் எதையும் அண்ணியிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். டயர் கடைக்குப் பின்னால், நிழல்வலை கட்டிய ஒரு நீளத் துண்டு நிலத்தில் அண்ணியின் நர்சரி இருந்தது. காய் கனி எதுவும் கிடையாது, அழகுச் செடிகள் மட்டும். பல் மருத்துவர் வரவேற்பறைக்கும், அடுக்குமாடி வாசலுக்கும், வக்கீல் ஆபீஸ் மூலைக்கும் அண்ணியின் தொட்டிகள் போகும். பேரத்தில் அண்ணியிடம் ஜெயித்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. செடி வாங்க வந்தவர், போகும்போது எருவும் வாங்கி, தொட்டியும் வாங்கி, தன் வீட்டு வாசல் மொட்டையாக இருப்பதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போவார்.

"சாமான் ரூம்ல படுத்துக்க. செடிக்குத் தண்ணி ஊத்து. ஆனா வியாபாரம் மட்டும் பேசாத. நீ வாயத் திறந்தா எனக்கு நஷ்டம்" என்றாள் அண்ணி. தள்ளுபடிக்கு அதில் ஒன்றும் மறுப்பில்லை. மண்வாசமும் பழைய சாக்கு வாசமும் அடிக்கிற அந்த அறையில், ஜன்னலைத் திறந்தால் நேரே செம்பருத்தி தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, எதிரே நிற்பது முகத்தைச் சுளிக்காத இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது.

பின்சுவர் ஓரமாக வரிசையாக நின்றவை அந்தச் செம்பருத்திகள். அடுக்கடுக்காக இதழ் விரிக்கிற ஜாதி. ஆரஞ்சு, ரோஸ், ஓரத்தில் மட்டும் வெள்ளை பூசிய சிவப்பு. அண்ணி அவற்றைத் தாய்ச் செடிகள் என்பாள். யார் எவ்வளவு கெஞ்சினாலும் விற்க மாட்டாள். அவற்றிலிருந்து வெட்டிய குச்சிகள்தான் சின்னத் தொட்டிகளில் வேர் பிடித்து ஊருக்குப் போகும். தாய்ச் செடியில் பூச்சி ஏறினால், குச்சியோடு குச்சியாக அதுவும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வக்கீல் ஆபீஸ் வரை போய்விடும்.

ஏறிய பூச்சி மாவுப்பூச்சி. கொழுந்திலும் கணுவிலும் யாரோ அரிசி மாவைச் சிந்திவிட்டுப் போன மாதிரி ஒட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே சாற்றை உறிஞ்சிக் குடிக்கிற ஜென்மம். அது குடித்த கொழுந்து முறுக்கிக்கொள்ளும், மொட்டு விரியாமல் உதிரும். அதை ஒழிக்க அண்ணியிடம் பரம்பரைச் சட்டம் மாதிரி ஒரு முறை இருந்தது. தினமும் காலையில் பழைய டூத் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் துலக்க வேண்டும். அதிலும் முதலில் துலக்க வேண்டியது தாடிக்காரனை.

"இந்தா பாரு" என்று முதல் நாளே ஒரு கணுவைத் திருப்பிக் காட்டினாள். குட்டி குட்டியாக ஒட்டியிருந்த மாவுக்கு நடுவே, நாலைந்து மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை இழை தொங்க ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. "இவன்தான் தாடிக்காரன். குடும்பத்துக்குப் பெரியவன். இவன்தான் இத்தனையும் பெத்துப் போடுறது. இவன முதல்ல அடி, மத்ததெல்லாம் தானா அடங்கும்."

"பெத்துப் போடுறதுன்னா பொம்பளையா இருக்கணுமே அண்ணி. தாடி எப்படி?"

"ஆராய்ச்சி பண்ண வந்தியா, துலக்க வந்தியா?"

அவன் துலக்கினான்.

மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியபோது அண்ணி அவளுடைய ஊருக்குப் புறப்பட்டாள். வாசலில் ஆட்டோ காத்திருக்க, பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசியாகச் சொன்னாள்: "பாரு தம்பி. உங்க அண்ணன் எதுவும் சொல்ல மாட்டாரு, நான்தான் சொல்லணும். நான் திரும்பி வரும்போது தாய்ச் செடி நல்லா இருந்தா, இந்த நர்சரி இருக்கிற வரைக்கும் உனக்கு இங்க இடம் உண்டு. இல்லையா, வேற இடம் பாத்துக்க. நான் மனசுல வச்சுக்கிட்டுப் பேசுற ஆளில்ல."

ஆட்டோ போன பிறகும் தள்ளுபடி தலையாட்டிக்கொண்டே நின்றான்.

அதற்கப்புறம் அவன் துலக்கிய துலக்கு சாதாரணத் துலக்கு அல்ல. அண்ணியாவது காலையில் ஒருமுறை, அதுவும் வாடிக்கைக்காரர் வந்துவிட்டால் பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள். இவன் காலையிலும் துலக்கினான், வெயில் தாழ்ந்ததும் துலக்கினான். இலையைத் திருப்பி, கணுவைப் பிரித்து, தொட்டியின் அடிவயிறு வரை தேடித் தேடித் தாடிக்காரர்களை அடித்தான். பொடிசுகளை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. பெரியவன் போனால் தானாக அடங்கும் என்பதுதானே சட்டம். மாலையில் அண்ணி போன் செய்வாள்.

"தாடிக்காரனத் துலக்கினியா?"

"ஒருத்தன விடல அண்ணி."

"பேத்தி பொறந்திருக்கா. உன் மூக்கு."

"அய்யய்யோ. சரியாயிடும் அண்ணி, வளர வளர மாறிடும்."

ஆனால் செடி வேறு கணக்குப் போட்டது. அவன் துலக்கத் துலக்க வெள்ளை கூடிற்று. கணுவில் இருந்தது காம்புக்கு வந்தது, காம்பிலிருந்து மொட்டுக்கு ஏறியது. இலையெல்லாம் பிசுபிசுவென்று பாகு தடவியதுபோல் ஆகி, அதன்மேல் கரி மாதிரிப் பூஞ்சை படர்ந்தது. அந்தப் பாகுக்காக எறும்புகள் சுவரிலிருந்து சாரிசாரியாக இறங்கி வந்தன. தள்ளுபடி இரண்டு வேளையை மூன்று வேளையாக்கினான். பிறகு தாடிக்காரர்களே கண்ணில் படாமல் போனார்கள். குடும்பத்தில் பெரியவர் ஒருவர்கூட மிச்சமில்லை. குடும்பமோ ஊரை வளைத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

அவனிடம் ஒரு காப்பித்தூள் பாட்டில் இருந்தது. ஆரம்பத்தில் அகப்பட்ட, தாடி நீளமாகத் தொங்கிய ஐந்தாறு பேரை, அடிக்காமல் அதற்குள் போட்டு, திரைச்சீலைக் கடையிலிருந்து வந்த வலைத்துணித் துண்டால் வாயைக் கட்டி வைத்திருந்தான். அண்ணி திரும்பி வந்ததும், "பாருங்க, எந்த சைஸ்ல பிடிச்சிருக்கேன்" என்று எடுத்துக் காட்டத்தான். சரக்கு உயிரோடு இருந்தால்தான் மதிப்பு என்பது வியாபாரத்தில் பழகியவனுக்குத் தெரியாதா? அதனால் மாவு அப்பிய ஒரு செம்பருத்திக் குச்சியையும் அவர்களுக்குத் துணையாக உள்ளே வைத்திருந்தான்.

செடிகளைப் பார்க்கப் பிடிக்காத ஒரு மத்தியானம், சாமான் அறையில் அந்தப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். குச்சியில் மாவு இல்லை. துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. தாடிக்காரர்கள் மட்டும் கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்போல் உப்பியிருந்தார்கள்.

குச்சி காய்ந்ததால் மாவு உதிர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. வெளியே போய்ப் பச்சைக் குச்சியாக, மாவு அப்பியதாக ஒன்று ஒடித்து வந்து உள்ளே விட்டான். சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, கண்ணாடிக்கு மூக்கை ஒட்டினான். ஒரு தாடிக்காரன் குச்சியில் ஏறினான். மாவுப்பூச்சி எதுவும் அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்து தள்ளுபடி பார்த்ததில்லை. நேரே போய், மாவுப்பூச்சி பஞ்சுபோல் இட்டிருந்த ஒரு முட்டைப் பொதியில் தலையை விட்டான். நிதானமாகத் தின்றான். பிறகு பக்கத்திலிருந்த ஒரு குட்டியைப் பிடித்தான். அதையும் தின்றான்.

தள்ளுபடி எழுந்து உட்கார்ந்தான். தாடிக்காரன் குடும்பத்துக்குப் பெரியவனுமில்லை, அந்தக் குடும்பமே இல்லை. எதிர்க்கடைக்காரனின் சிப்பந்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் கடைக்குள்ளேயே புகுந்து, சரக்கைத் தின்று தீர்க்கிற ஆள். சட்டையைப் பார்த்து ஏமாந்து, உதவிக்கு வந்தவனை வாசலிலேயே வைத்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், அண்ணி இத்தனை வருஷமும், தள்ளுபடி இத்தனை நாளும். அண்ணி அவசரத்தில் விட்டுவைத்த கொஞ்சம் பேரால்தான் செடிகள் இதுவரை பிழைத்திருந்தன. அவன் அந்தக் கொஞ்சத்தையும் விட்டுவைக்கவில்லை.

அன்று மாலை போன் வந்தது.

"தாடிக்காரனத் துலக்கினியா?"

அவன் நாக்கு பழக்கப்பட்ட தடத்தில் ஓடியது. "துலக்கிட்டேன் அண்ணி. சுத்தமா."

மறுநாள் காலையில் இரண்டு தாடிக்காரர்களை ஒரு செடியில் கொண்டுபோய் விட்டான். விட்ட மாத்திரத்தில் எறும்புகள் வந்து மொய்த்துக் கடித்துக் கீழே தள்ளின. எறும்புக்குப் பாகு கொடுக்கிறது மாவுப்பூச்சி. வாங்கித் தின்றதற்கு எறும்பு காவல் நிற்கிறது. அடியாள் வைத்து நடத்துகிற கடை! அவன் அந்த இரண்டு பேரையும் பொறுக்கிப் பாட்டிலில் போட்டுக்கொண்டு நேரே டயர் கடைக்குப் போனான்.

"கொஞ்சம் பழைய கிரீஸ் வேணும்."

"செடிக்கு எதுக்குய்யா கிரீஸு? சக்கரம் மாட்டி ஓட்டப் போறியா?" என்றார் டயர் கடைக்காரர். ஒரு டப்பா நிறையக் கொடுத்தார்.

அடித்தண்டுகளில் துணி சுற்றி, எறும்பு ஏறாதபடி அதன்மேல் கிரீஸ் தடவினான். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கிளைகளை வெட்டி எறும்பின் பாலங்களை அறுத்தான். பாகையும் கரியையும் தண்ணீரால் கழுவினான். எறும்பு வரத்து நின்றதும் பாட்டில்காரர்களை ஒவ்வொரு செடியாகக் குடியேற்றினான். பெரிய தண்டின் பிளவில் ஒளிந்திருந்த இன்னும் சிலர் அகப்பட்டார்கள். கும்பிடாத குறையாக அவர்களையும் பிரித்து விட்டான். ஒருவன் இலை மடிப்புக்குள் சுருண்டு உறங்கப் போனான். சில நாள் கழித்து, அங்கிருந்து செங்கல் நிறத் தலையும் கறுத்த முதுகுமாக மிளகைவிடச் சின்ன வண்டு ஒன்று வெளியே வந்தது. மாப்பிள்ளை ஆவதற்காகத் தாடியை மழித்துக்கொண்டுவிட்டான் என்று தள்ளுபடி நினைத்துக்கொண்டான்.

எல்லாம் சரி. ஆனால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஊர் நிறைய இருப்பதைத் தின்ன நாளாகும். குடும்பம் பெருக வேண்டும், முட்டை பொரிய வேண்டும். இதற்கிடையில் செடிகளைப் பார்த்தால் வெள்ளையடித்த சுவர் மாதிரிதான் இருந்தன. அந்த நேரம் பார்த்து அண்ணி போன் செய்தாள்: "நாளன்னிக்கு வர்றேன்."

சேதி கேட்டு மருந்துக்கடைக்காரர் வந்துவிட்டார். பூச்சிமருந்து விற்கிறவர், பள்ளிக்கூடத்தில் இவனோடு ஒரே பெஞ்சு. செடிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"மாப்பிள்ள, உங்க அண்ணி வந்து இதப் பார்த்தா உன்னையும் சேர்த்துத் தொட்டில நட்டுருவாங்க."

"தெரியுது."

"இந்தா. புதுச் சரக்கு. இன்னிக்குச் சாயங்காலம் அடி. நாளைக்கு எல்லாம் செத்துக் கொட்டிரும். ஒரு கழுவு கழுவிவிட்டா நாளன்னிக்குப் பளபளன்னு நிக்கும்."

"வண்டு?"

"என்ன வண்டு?"

"எங்க வண்டு. அதுவும் சாகுமா?"

"பூச்சின்னு பேரு இருந்தா சாகும். சொந்தக்காரன் வீட்டுப் பூச்சின்னு மருந்துக்குத் தெரியுமா?" மருந்துக்கடைக்காரர் பாட்டிலை அவன் கையில் திணித்தார். "சும்மாதான்டா. சாம்பிள். எடுத்துக்க."

இலவசம் என்று வந்த எதையும் தள்ளுபடி ஆயுளில் வேண்டாம் என்றதில்லை. பாட்டில் கையில் குளிர்ச்சியாக இருந்தது. அடித்தால் இந்த வீட்டில் இடம் நிச்சயம். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ மாவு திரும்பி வரும். அப்போது தின்ன ஆள் ஒருவன்கூட இருக்க மாட்டான். ஆனால் அப்போது அது அண்ணியின் கவலை. அவன் செம்பருத்தியைப் பார்த்தான். வெள்ளைக்கு நடுவே ஒரு தாடிக்காரன் தன்பாட்டுக்குக் கொழுந்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தான்.

"வேணாம்" என்றான்.

"என்னது?"

"வேணாம்பா. எடுத்துட்டுப் போ."

மருந்துக்கடைக்காரர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, நேரே பின்சுவருக்குத்தான் போனாள். தள்ளுபடி பின்னாலேயே போனான். அவள் ஒரு இலையைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். மொட்டு உதிர்ந்த காம்புகளை விரலால் தடவினாள். கோபத்தில் கத்துவாள் என்று நினைத்திருந்தான், கத்தியிருந்தால் தேவலை.

"துலக்கினேன்னு தினமும் சொன்னியே."

"முதல்ல துலக்கினேன் அண்ணி. அப்புறம் நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டியா." அவள் பார்வை ஒரு கணுவில் நின்றது. "நிறுத்தினது மட்டுமில்ல, தாடிக்காரன வேற ஊர்வலம் விட்டிருக்க." சொல்லிக்கொண்டே அதை நசுக்கக் கட்டைவிரலை நீட்டினாள்.

தள்ளுபடி தன் உள்ளங்கையைக் குறுக்கே வைத்தான். வைத்த பிறகுதான் வைத்தது அவனுக்கே தெரிந்தது.

"கைய எடு."

"மாட்டேன் அண்ணி. அவன் நம்ம ஆளு."

"வெயில்ல நின்னு நின்னு மூளை கலங்கிடுச்சா?"

"ஒரு ஸ்டூல் போடுறேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவனையே பாருங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பெட்டி கட்டச் சொன்னாலும் கட்டுறேன்."

மலிவாகக் கிடைக்கிற எதையும் அண்ணி சந்தேகப்படுவாள். ஆனால் பார்க்காமல் விடமாட்டாள். உட்கார்ந்தாள். தாடிக்காரன் அன்றைக்கென்று அசையாமல் கிடந்தான். பிறகு அது மெல்ல நகர்ந்தது, ஒரு குட்டியிடம் போயிற்று, வேலையைத் தொடங்கியது. அண்ணி குனிந்தாள். மூக்கு இலையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். அது முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. பக்கத்துக் கிளையில் செங்கல் தலை வண்டு ஒன்று முட்டைப் பொதியைக் கிளறிக்கொண்டிருந்தது. அதையும் அவன் காட்டினான். எதிலிருந்து எது வந்தது என்று சொன்னான். கிரீஸைக் காட்டி எறும்பின் கதையையும் சொன்னான்.

வெயில் சுவரைவிட்டு இறங்கும்வரை அண்ணி எழுந்திருக்கவில்லை. பிறகு செடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ இத்தனை வருஷமா நான் நம்ம ஆளத்தான் அடிச்சிட்டிருந்தேன்னு சொல்ற."

அவள் முகம் சுருங்கியிருந்தது. ஆயுள் முழுக்க அந்தச் சுருக்கத்தைக் கண்டால் அவன் நாக்கில் தயாராக வந்து நிற்கிற வார்த்தைகள் இப்போதும் வந்து நின்றன: அப்படியில்ல அண்ணி, உங்க முறையும் சரிதான், பாதி உங்களுது பாதி இது, உங்களுக்காகக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்.

"ஆமா அண்ணி" என்றான். "நானும் அடிச்சேன். உங்களவிட ஜாஸ்தி அடிச்சேன். அதான் இந்த நிலைமை."

அண்ணி திரும்பி அவனை முதல்முறையாகப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள். எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு கடைக்காரியின் குரல் திரும்பிவிட்டது.

"சரி. பேச்சுக்கு நான் நம்ப மாட்டேன். வரிசையப் பாதியாப் பிரிப்போம். அந்தப் பக்கம் உன் முறை, இந்தப் பக்கம் என் முறை. அடுத்த தடவ பூக்கும்போது பார்க்கலாம்."

"அப்போ வாசல் பக்கத்துப் பாதிய எனக்குக் குடுங்க."

"ஏன், அங்கதான் பூச்சி கம்மியா இருக்குன்னா?"

"அங்கதான் ஜாஸ்தி. என் ஆளுங்களுக்குச் சாப்பாடு வேணுமே."

"அதெல்லாம் முடியாது. நல்ல ஆரஞ்சு ரெண்டும் அந்தப் பக்கம் இருக்கு."

"ஒண்ண வேணா நீங்க எடுத்துக்குங்க."

"இந்தா, உடனே குறைக்கிறான் பாரு!" என்றாள் அண்ணி. "சொன்னா சொன்னதுல நில்லு. ரெண்டையும் நீயே வச்சுக்க."

"அண்ணி, அது பூக்க நாளாகும். அதுவரைக்கும் நான்..."

"அதுவரைக்கும் உன் பாதிய யாரு பாத்துப்பா? உங்க அண்ணனா? பெட்டிய எடுத்துச் சாமான் ரூம் கட்டிலுக்கு அடியில தள்ளு. வந்த நாள்லேருந்து நடுவுல கிடந்து காலத் தடுக்குது."

மறுநாள் காலையில் அவன் தன் பாதியில் கிரீஸைப் புதுப்பித்துக்கொண்டிருந்தான். வரிசையின் அந்தக் கோடியில் அண்ணி குனிந்து துலக்குகிற சத்தம் சரக் சரக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. அவன் தலையைத் தூக்கவில்லை. தூக்கிப் பார்த்தால், அங்கே அகப்பட்ட தாடிக்காரனை வீம்புக்காவது அவள் அடித்துவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றிற்று. பிறகு காலடி நெருங்கி வந்தது.

காம்போடு கிள்ளிய ஒரு இலையை அண்ணி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதன்மேல் தாடிக்காரன் ஒருவன், இழையெல்லாம் ஆட, அவசர அவசரமாக நடந்துகொண்டிருந்தான்.

"உன் ஆளு, வழி தெரியாம என் பக்கம் வந்து நிக்கிறான். பத்திரமா கூட்டிட்டுப் போ."

அவன் இலையை வாங்கிக்கொண்டான். அண்ணி இரண்டடி போய்த் திரும்பினாள்.

"அந்த கிரீஸ் டப்பாவ வேலை முடிஞ்சதும் இந்தப் பக்கம் குடு" என்றாள்.